சுவரை விட்டு வெளியே வரட்டும்

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகச் சேர்த்த 14 ஆஸ்திரேலியப் பாலைவனப் பழங்குடி ஓவியங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பொதுமக்கள் பார்வைக்கு வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? – வாசகி, மெல்பர்ன்

பதில்: நல்ல ஆசை அம்மா, கைவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு ஓவியத்தையும் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓவியர் பெயர், கலை மையத்தின் (ஓவியர்களின் ஊரில் அவர்கள் ஓவியங்களைப் பதிந்து விற்கும் அமைப்பு) பெயர், ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய சான்றிதழில் பெரும்பாலும் ஓவியத்தின் கதையும் இருக்கும். நான் ஒருமுறை அப்படிப் பார்த்தபோது, துணியின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து தீட்டியது அல்லவா!

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள பாப்புன்யா என்ற பழங்குடி ஊரில் 1971, 72-இல் பலகைகளில் தீட்டியவை ஏதும் இருக்கிறதா? இருந்தால் அவசரப்படாதீர்கள். அவற்றில் சில, பழங்குடிச் சமூகங்களில் அதற்குரிய சடங்கு முடித்த ஆண்கள் மட்டுமே பார்க்கத் தக்கவை. அவை வெளியே காட்டப்பட்டபோது அந்தச் சமூகங்களுக்குள் பெரும் மனவருத்தம் எழுந்தது. அதனால் கலை மையத்துக்கு எழுதி, ஓவியரின் குடும்பத்தாரைக் கேளுங்கள். 'இது வேண்டாம்' என்றால், அந்த ஓவியம் உள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம், ஓவியம் உங்களுடையதுதான், பதிப்புரிமை ஓவியருடையது. அவர் மறைந்த பிறகும் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்கு அது உண்டு. படத்தை அழைப்பிதழில் அச்சிடவும் அனுமதி வேண்டும். மறைந்தவர் பெயரைச் சொல்வதுகூடச் சில குடும்பங்களுக்கு வலி தரும், அதையும் கேட்டுவிடுங்கள். திறப்பு நாளன்று ஓவியர்கள் அல்லது அவர்கள் குடும்பத்தாரில் இருவரையாவது உங்கள் செலவில் வரவழையுங்கள். கதையை அவர்கள் வாயால் கேட்பதுதான் அழகு.