எலித் தொல்லை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பென்னாகரம்): அண்ணா, எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. பரணில் கேழ்வரகு மூட்டை இருக்கிறது. ராத்திரி முழுக்க மேலே ஒரே கடமுடா. கூண்டு வைத்தும் ஒன்றும் விழவில்லை.

பதில்: அது வீட்டு எலி. சுவரேறும், கம்பியில் நடக்கும். முதலில் ஓட்டைத் தொடும் முருங்கைக் கிளையை வெட்டுங்கள். அப்புறம் சுவர் உச்சிக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைக் கம்பி வலை வைத்து சிமெண்டால் பூசுங்கள். பெருவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும். சுண்டெலிக்குப் பென்சில் பருமனே போதும். துணி அடைத்தால் ஒரே ராத்திரியில் குதறிவிடும்.

கூண்டு விஷயத்தில் பொறுமை வேண்டும். புதுப் பொருள் என்றாலே எலிக்குச் சந்தேகம். மூன்று நான்கு நாள் கதவு விழாதபடி கட்டிவைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ போட்டுத் தின்னப் பழக்குங்கள். பிறகு கொக்கியை மாட்டுங்கள். எலி சுவரை உரசியே ஓடும். கருப்பாகப் பிசுக்குத் தடம் தெரியும் இடத்தில் கூண்டை வையுங்கள். ஒன்று விழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள், சினையான எலி மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். கேழ்வரகை மூடியுள்ள தகர டிரம்முக்கு மாற்றுங்கள். தீனி கிடைக்கும்வரை எலி போகாது.

கேள்வி (பாலக்கோடு): எலி பேஸ்ட்டைத் தக்காளித் துண்டில் தடவி வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசே தடை செய்திருக்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் குலைத்த பொருள் அது. கல்லீரலைக் கெடுக்கும், ஆனால் முதல் ஓரிரு நாள் வெளியே ஒன்றும் தெரியாமல் ஏமாற்றும். குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல் டப்பாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: அப்படியானால் மருந்தே கூடாதா?

பதில்: கடைசி வழியாக புரோமாடியோலோன் என்ற எலி மருந்துக் கட்டி வைக்கலாம். தின்ற எலி சில நாளில் சாகும். மனிதருக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ஆனாலும் குழந்தைகள் கைக்கு எட்டாத, மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். செத்த எலியைப் பூனையோ கூகையோ தின்றால் அவற்றுக்கும் ஆபத்து, உடனே தேடிப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): கார் ஒயரைக் கடிக்கிறது.

பதில்: நாட்கணக்கில் நகராத வண்டியில்தான் கூடு கட்டும். அடிக்கடி எடுங்கள். ராத்திரி பானட்டைத் திறந்து வையுங்கள். நாய்க்கு வைக்கும் சோறு பக்கத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி (அரூர்): மூஞ்சூறையும் பிடிக்க வேண்டுமா?

பதில்: அது எலியே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்னும். விட்டுவிடுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டினம்): மாட்டுக் கொட்டாய் ஓரம் வளை வளையாக இருக்கிறது. பாம்பும் வருகிறது.

பதில்: பாம்பு எலியைத் தேடித்தான் வருகிறது. சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி. அதன் வாயில் பொறி வையுங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சோளத்தட்டுப் போரைத் தரையில் போடாமல் கல்கால் நட்டு மேலே அடுக்குங்கள். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள் அக்கா, அது எலி தின்று பிழைப்பது, விஷமில்லாதது.

கேள்வி: புழுக்கையைப் பெருக்கித் தள்ளினால் போதுமா?

பதில்: காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ப்ளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வீட்டில் எலி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.