ஹாட் ராடுக்கு எந்த ஸ்டீயரிங் பாக்ஸ்? கேள்வி பதில்

முப்பதுகளின் ஃபோர்டை எடுத்து, 1950-களில் அமெரிக்கப் பையன்கள் ஹாட் ராடு (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்ட வேண்டும் என்று கிளம்பியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் வீலின் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) பற்றியே இருந்ததால் அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். எல்லாமே இடது பக்க ஸ்டீயரிங், முன்னால் பீம் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு), குறுக்கே ஒரே ஸ்பிரிங் என்று வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 1931 மாடல் ஏ ரோட்ஸ்டர், பிளாட்ஹெட் வி8 எஞ்சின் போடுகிறேன். எஃப்-1, மஸ்டாங், வேகா மூன்றில் எது நல்ல பாக்ஸ் அண்ணா?

பதில்: பாக்ஸை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதலில் டிராக் லிங்க் (பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) எந்தப் பக்கமாக ஓடப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். பிட்மன் ஆர்மிலிருந்து (பாக்ஸுக்கு வெளியே ஆடும் கை) நேராக முன்னோக்கி ஓடி இடது சக்கரத்தைப் பிடித்தால் அது சைடு ஸ்டீயர். 1934 வரை ஃபோர்டு கார்களில் அப்படித்தான் இருந்தது. வண்டியின் குறுக்கே போய் வலது சக்கரத்தைப் பிடித்தால் கிராஸ் ஸ்டீயர். எஃப்-1 பாக்ஸ் சைடு ஸ்டீயருக்கு, செவ்ரோலே வேகா காரின் பாக்ஸ் கிராஸ் ஸ்டீயருக்கு, மஸ்டாங் பாக்ஸைப் படுக்கப் போட்டால் சைடு ஸ்டீயருக்கு ஆகும். ஆக, இந்த மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

உங்கள் வண்டிக்கு என்றால் சைடு ஸ்டீயர், 1948-52 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் பாக்ஸ். அந்தக் காலத்தில் ஸ்கிராப் யார்டில் கிடைத்ததே அதுதான், அதனால் பார்க்கவும் பொருந்தும். செக்டர் ஷாஃப்ட் (பிட்மன் ஆர்ம் மாட்டும் தண்டு) ஃபிரேம் வழியாக வெளியே வருவதும் பழைய பாக்ஸைப் போலவேதான். 1953-க்குப் பிந்தைய எஃப்-100 பாக்ஸும் ஆகும். ஒரு வேலை மட்டும் உண்டு: உள்ளே இருக்கும் வார்மும் (திருகு வடிவ கியர்) மேலே ஸ்டீயரிங் வீல் வரை போகும் நீள ஷாஃப்டும் ஒரே துண்டு. உங்கள் ஸ்டீயரிங் தண்டின் (column) நீளத்துக்கு அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய நுனியை லேத்தில் கொடுத்து ஸ்பிளைன் (நீளவாட்டுப் பல்) போட்டுக்கொள்வதே சுத்தம்.

கேள்வி: மாடல் ஏ-யின் சொந்த பாக்ஸே என்னிடம் இருக்கிறது, அதை ஏன் கழற்ற வேண்டும்?

பதில்: நல்ல நிலையில் இருந்தால் கழற்ற வேண்டாம், ஓடும். 1928-லும் 1929 தொடக்கத்திலும் வந்தது ஏழு பல் செக்டர், விகிதம் 11.25:1. அதன் பிறகு வந்தது இரண்டு பல், 13:1. இரண்டும் ரொம்ப வேகமான விகிதம்தான், அதாவது வீலைக் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். நாற்பது குதிரைத்திறன் எஞ்சினுக்கும் ஒல்லி டயருக்கும் அது போதும். வி8-ஐ வைத்து 70 மைல் வேகத்தில் போகும்போது கை லேசாக அசைந்தாலே வண்டி பக்கத்து லேனை எட்டிப் பார்க்கும், பார்க்கிங்கில் தோள்பட்டை கழன்றுவிடும். எஃப்-1 ஏறக்குறைய 18:1, அதோடு செக்டர் பல்லுக்குப் பதில் உருளும் ரோலர், அதனால் உராய்வும் குறைவு. 1937-லிருந்தே ஃபோர்டு ரோலருக்கு மாறிவிட்டது. அவர்களே மாற்றிவிட்டதை நாம் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஸ்வாப் மீட்டில் பழைய பாக்ஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் சார்? விற்கிறவர் எல்லாரும் "டைட்டாக இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள்.

பதில்: டைட்டாக இருப்பதுதான் பயம். பாக்ஸை மேசையில் வைத்து, ஒரு கையால் பிட்மன் ஆர்மைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஷாஃப்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். மொத்தச் சுற்று எத்தனை என்று எண்ணி, அதில் பாதிக்குத் திரும்பி வாருங்கள், அதுதான் நடு. வண்டி ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடியிருக்கும், அதனால் தேய்மானம் எல்லாம் அந்த நடுவில்தான். அங்கே பிட்மன் ஆர்மை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், 'டக் டக்' என்று கை உணரும். அப்புறம் கோடிக்குப் போங்கள். நடுவில் லூஸாகவும் கோடியில் இறுக்கமாகவும் இருந்தால் வார்ம் தேய்ந்துவிட்டது. அதை யாரோ ஸ்க்ரூவை முறுக்கி மறைத்திருந்தால் நடுவில் சரியாகவும் கோடியில் சிக்கிக்கொண்டும் நிற்கும். ஓட்டும்போது அப்படிச் சிக்கினால் திருப்பத்திலிருந்து வீல் தானாகத் திரும்பாது, ஆபத்து.

அடுத்து செக்டர் ஷாஃப்டை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆடினால் புஷ் போயிருக்கிறது. புஷ் மாற்றுவது பெரிய காரியமில்லை, ஆனால் ஷாஃப்டே தேய்ந்து அந்த இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் புதுப் புஷ் போட்டும் பயனில்லை. பக்க மூடியைத் திறக்க விடுகிற ஆளாக இருந்தால் திறந்து, விரலால் கிரீஸை வழித்துவிட்டு வார்மின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே தோல் உரிந்ததுபோல் குழிகள் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எஃப்-1, வேகா இரண்டுக்குமே புதிதாகச் செய்த நகல்கள் கிடைக்கின்றன. மட்டமான பழையதற்கு உதிரி வாங்கிப் போடும் காசில் பாதி தூரம் வந்துவிடலாம்.

கேள்வி: ஸ்க்ரூவை எப்படி சரியாக வைப்பது? நான் எவ்வளவு முறுக்கினாலும் வீலில் பிளே (வெற்று ஆட்டம்) போகவில்லை.

பதில்: வரிசை முக்கியம். முதலில் டிராக் லிங்க்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிளே பாக்ஸில் இருக்கிறதா கிங் பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) இருக்கிறதா என்று தெரியாது. அப்புறம் வார்ம் பேரிங், ஷிம் (மெல்லிய தகடு) எடுத்தோ சேர்த்தோ ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடாமல் வையுங்கள். அது முடிந்த பிறகுதான் பக்க மூடியில் இருக்கும் ஸ்க்ரூ. அதையும் பாக்ஸ் நடுவில் இருக்கும்போது மட்டும் முறுக்க வேண்டும். நடுவைத் தாண்டும்போது விரலுக்கு லேசான பிடிப்பு தெரிந்தால் போதும், லாக் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி ஒரு தடவை பாருங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும், எல்லாரும் ஏமாறுவது அங்கேதான்.

கேள்வி: 1932 ஹைபாய் (மட்கார்டு கழற்றிய ஹாட் ராடு), மஸ்டாங் பாக்ஸ் போட்டால் "இது டிரெடிஷனல் இல்லை" என்று திட்டுவார்களா?

பதில்: திட்டுவார்கள். ஆனால் ஃபிரேமுக்கு உள்பக்கம் மாட்டினால் வெளியே தெரிவது பிட்மன் ஆர்ம் மட்டும்தான், குனிந்து பார்த்துத் திட்டுகிறவர் திட்டிவிட்டுப் போகட்டும். 1965 மாடலிலிருந்து வந்த அந்த பாக்ஸ், உள்ளே குண்டுகள் உருளும் ரகம், 16:1 ஒன்று, கிட்டத்தட்ட 20:1 ஒன்று. கை வலிக்காது. முதல் சில வருட பாக்ஸில் நீள ஷாஃப்ட் ஒரே துண்டாக வரும், பிறகு வந்ததில் குட்டை ஷாஃப்ட், ஜாயின்ட் மாட்ட வசதி.

சைடு ஸ்டீயரில் எந்த பாக்ஸைப் போட்டாலும், டிராக் லிங்க்கைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் கோட்டைப் பின்னால் நீட்டினால் விஷ்போனோ ஹேர்பின்னோ (ஆக்ஸிலை ஃபிரேமோடு பிடிக்கும் கைகள்) ஃபிரேமில் மாட்டியிருக்கும் மூட்டுக்கு அருகே போக வேண்டும். ஆக்ஸில் ஏறி இறங்குவது அந்த மூட்டை மையமாக வைத்துத்தான். டிராக் லிங்க் வேறு வளைவில் ஏறி இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் வீல் தானாகத் திரும்பும். பாக்ஸை வெல்ட் செய்வதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியில் மேலும் கீழும் இரண்டு அங்குலம் ஏற்றி இறக்கி சக்கரம் திரும்புகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பிராக்கெட்டை வெல்ட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: வேகா பாக்ஸ் புதியது, கிங் பின் புதியது, டை ராட் எண்ட் புதியது. ஆனாலும் வண்டி இரண்டு பக்கமும் அலைகிறது. பாக்ஸ் கோளாறா?

பதில்: பான்ஹார்ட் ராட் (ஆக்ஸிலும் ஃபிரேமும் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இருக்கிறதா? நீங்கள் எழுதவே இல்லை, அதனால் இல்லை என்று நினைக்கிறேன். குறுக்கு ஸ்பிரிங் ஷாக்கிளில் (ஆடும் இணைப்பு) தொங்குவதால் உடம்பு பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். சைடு ஸ்டீயரில் அது பெரிதாகத் தெரியாது. கிராஸ் ஸ்டீயரில் டிராக் லிங்க்கும் அதே திசையில் கிடப்பதால், நீங்கள் வீலைப் பிடித்திருக்கும்போதே ஃபிரேம் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. பான்ஹார்ட் ராடை டிராக் லிங்க்குக்கு இணையாக, முடிந்தவரை அதே நீளத்தில் போடுங்கள், பாக்ஸைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, வேகா சின்னக் கார். ரோட்ஸ்டருக்கு அதன் பாக்ஸ் தாராளம். 1940 செடான் போன்ற கனமான உடம்புக்கு சேகினாவின் 525 பாக்ஸைப் பாருங்கள்.

கேள்வி: டி-பக்கெட்டுக்கு (ஃபோர்டு மாடல் டி உடம்பில் கட்டிய ஹாட் ராடு) செவ்ரோலே கோர்வேர் காரின் பாக்ஸ் மலிவாகக் கிடைத்தது. மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போகிறது!

பதில்: சிரிக்காமல் பதில் எழுதுவது கஷ்டம். அந்த பாக்ஸை டி-பக்கெட்டில் மாட்டுகிற விதத்தில் உள்ளே பிரித்துத் திருப்பிக் கோர்க்க வேண்டும். திருப்பிக் கோர்த்தது என்று சொல்லியே விற்கிறார்கள், உங்களுக்கு விற்றவர் சொல்லவில்லை போலிருக்கிறது. எந்த பாக்ஸாக இருந்தாலும் வாங்கும் முன் பார்க்க ஒரு வழி: இடது சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்ம் உள்பக்கம் நீட்டியிருக்கும் சாதாரண சைடு ஸ்டீயரில், வீலை இடது பக்கம் திருப்பினால் டிராக் லிங்க் முன்னால் தள்ளப்பட வேண்டும். பின்னால் இழுத்தால் தப்பு.

கேள்வி: எஃப்-1 பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் அடைத்துவிடலாமா?

பதில்: சாதாரண சக்கர கிரீஸ் வேண்டாம். வார்ம் ஒரு தடவை அதை ஒதுக்கிவிட்டால் திரும்ப வந்து மூடாது, உலோகம் உலோகத்தோடு தேயும். 00 ரக அரைத்திரவ கிரீஸ் கேட்டு வாங்குங்கள், விவசாய இயந்திரக் கடைகளில் கிடைக்கும். நின்றால் கெட்டி, அசைந்தால் இளகும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இடிக்கிறது. மூன்று ஜாயின்ட் போட்டு ஷாஃப்டை வளைத்துக் கொண்டுபோகலாமா?

பதில்: போகலாம், ஆனால் மூன்று ஜாயின்ட் என்றால் நடுவில் ஒரு சப்போர்ட் பேரிங் கட்டாயம், இல்லையென்றால் ஷாஃப்ட் சுழற்றிய கயிறுபோல் ஆடும். ஒரு ஜாயின்ட்டை 35 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள். பிட்மன் ஆர்மை மட்டும் வெட்டி வெல்ட் செய்து இடம் பண்ண நினைக்க வேண்டாம், எவ்வளவு நல்ல வெல்டராக இருந்தாலும் சரி. வேறு நீளத்தில் ஆர்ம் கிடைக்கும், தேடுங்கள்.

கேள்வி: பேசாமல் ரேக் அண்ட் பினியன் போட்டால் என்ன?

பதில்: ஃபிரேமில் மாட்டினால் ஆக்ஸில் ஏறி இறங்கும்போதெல்லாம் வீல் திரும்பும். ஆக்ஸிலிலேயே மாட்டினால் ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும், எடையும் சக்கரத்தோடு குதிக்கும். இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: 45 மைலில் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று அடிக்கிறது. பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றச் சொன்னவரே காசு கொடுப்பாரா என்று கேளுங்கள். படபடப்பு பெரும்பாலும் பாக்ஸிலிருந்து வருவதில்லை. முதலில் டயர் பேலன்ஸ். அப்புறம் கிங் பின் ஆட்டம். அப்புறம் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு), அங்குலத்தில் பதினாறில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றுக்குள் இருக்கட்டும். காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) 5 முதல் 7 டிகிரி. விஷ்போனைப் பிளந்து ஃபிரேமில் மாட்டியபோது காஸ்டர் மாறியிருக்கலாம், அதை அளந்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.