கொலஸ்ட்ரோல் 232: குளிசை தேவையா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் இம்முறை கொலஸ்ட்ரோல்தான் கூட. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52. எட்டு வருடமாகச் சீனி வருத்தம். பிறஷருக்கும் குளிசை போடுகிறார். றிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 232, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் 280, எல்.டி.எல். 138. கிளினிக்கில் குளிசை எழுதிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முப்பது வயதுதான், அவளுக்கு 250 இருந்தும் குளிசை வேண்டாம் என்றார்களாம். இது என்ன நியாயம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நியாயம்தான். மொத்தக் கொலஸ்ட்ரோல் என்பது கூடாததும் (எல்.டி.எல்.) நல்லதும் (எச்.டி.எல்.) கலந்த கூட்டுத்தொகை. அதை மட்டும் பார்த்து யாருக்கும் குளிசை எழுதவும் கூடாது, வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. பார்க்க வேண்டிய வரி எல்.டி.எல். இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து படிவது அதுதான்.

அநேகமான லாப்களில் எல்.டி.எல்.ஐ நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐயும், ட்ரைகிளிசரைட்டில் (இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 232 – 38 – 56 = 138. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்குப் பிழைக்கும். அதற்குக் கீழே இருந்தாலும், அது ஏற ஏற எல்.டி.எல். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் 232இலிருந்து 38ஐ மட்டும் கழித்து வரும் 194ஐயும் பாருங்கள். எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரோல் முழுவதும் அதற்குள் அடங்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எச்.டி.எல். 72, ட்ரைகிளிசரைட் 90 என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். 160 வரும். உங்கள் கணவரைவிடக் கூடத்தான். ஆனால் முப்பது வயதில் சீனியோ பிறஷரோ புகைத்தலோ குடும்பத்தில் மாரடைப்போ இல்லாத பெண்ணுக்கு அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. சாப்பாட்டைத் திருத்திவிட்டு மறுபடி பார்க்கலாம். உங்கள் கணவருக்கோ வயது, சீனி, பிறஷர், குறைந்த எச்.டி.எல். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. றிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'சாதாரண அளவு' அவருக்கானது அல்ல. அவர் எட்ட வேண்டியது எல்.டி.எல். 70இற்குக் கீழே, எச்.டி.எல். அல்லாதது 100இற்குக் கீழே.

280 என்ற ட்ரைகிளிசரைட்டை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். முதல் நாள் இரவு கலியாண வீட்டுச் சாப்பாடோ சாராயமோ இருந்தால் அது எகிறும். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு (சீனி போட்ட பிளேன்டீயும் ஆகாது) மறுபடி எடுத்துப் பாருங்கள். சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

சில லாப்களில் 6.0, 3.6 என்று எழுதித் தருவார்கள். 'ஆறுதானே' என்று யாரும் சந்தோசப்பட வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு. கொலஸ்ட்ரோல் வரிகளை 38.7ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.6ஆலும் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். 6.0 என்பது 232தான்.

கேள்வி: மகனுக்கு 24 வயது, மெலிந்த உடம்பு. வெளிநாடு போக மெடிக்கல் எடுத்தபோது எல்.டி.எல். 215 என்று வந்தது. அவனுடைய தகப்பன் 41 வயதில் மாரடைப்பால் இறந்தவர். சாப்பாட்டில் ஒன்றும் கூடாதது இல்லை. மெசின் பிழையா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஆனால் பிழை என்று விட்டுவிடாதீர்கள். எல்.டி.எல். 190ஐத் தாண்டி, இள வயதில் மாரடைப்பும் குடும்பத்தில் இருந்தால், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரோலை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ எடுத்து அகற்ற வேண்டிய ஈரல், அதைச் சரியாகச் செய்யாது. மெலிந்த உடம்பும் மரக்கறிச் சாப்பாடும் இதைத் தடுப்பதில்லை.

தைராய்டுக் குறைபாட்டிலும் சில சிறுநீரக நோய்களிலும் எல்.டி.எல். இப்படி ஏறும் என்பதால், டி.எஸ்.எச். பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மகனின் குதிக்காலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணை இரண்டு விரல்களால் பிடித்துப் பாருங்கள். மற்றவர்களுடையதைவிடத் தடிப்பாக, முடிச்சு முடிச்சாக இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், இமையில் மஞ்சள் தடிப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இது இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவர்களுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மகனுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, இந்த வயதிலேயே குளிசை தேவைப்படும். சகோதரிக்கும் குளிசை தொடங்கினால், பிள்ளை பெற எண்ணும்போது முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: தேங்காயில் கொலஸ்ட்ரோலே இல்லை என்கிறார்கள் சிலர். தேங்காயே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நாளுக்கு ஒரு தேங்காய் போகிறது.
– வாசகி, திருக்கோவில்

பதில்: தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பது உண்மை. எந்தத் தாவரத்திலும் சொல்லும்படி இல்லை. 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று எண்ணெய்ப் போத்தலில் போடுவது, தண்ணீர்ப் போத்தலில் 'எலும்பு அற்றது' என்று போடுவதைப் போன்றதுதான். இரத்தத்தில் எல்.டி.எல்.ஐ ஏற்றிவிடுவது முக்கியமாக நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு அதுதான். அது எச்.டி.எல்.ஐயும் கொஞ்சம் ஏற்றும் என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அதனால் மாரடைப்புக் குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கணக்குப் பார்ப்போம். முற்றிய தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு நடுத்தரக் காயில் 300 கிராம் பூ என்று எடுத்தாலும் 90 கிராம். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 22 கிராம். சுகதேகியான ஒருவருக்கே ஒரு நாளில் அவ்வளவுதான் எல்லை. எல்.டி.எல். கூடியவருக்கு 15 கிராமுக்குள் நிற்க வேண்டும். பால் பிழிந்து சக்கையை எறிந்தால் இதில் ஒரு பகுதி குறையும். புட்டுக்கும் சம்பலுக்கும் பூவாகப் போடும்போது முழுவதும் உள்ளே போகும்.

ஆகவே நான்கு பேருக்கு நாளுக்குப் பாதித் தேங்காய். புட்டுக்குப் பூவைக் குறைத்து, முருங்கையிலையோ வேறு கீரையோ சேர்த்து அவியுங்கள். மீன் கறியைப் பாதி நாட்கள் புளிச்சாறாகவே வையுங்கள். பால்கறி வைக்கும் நாளில் முதற்பாலை விட்டு இரண்டாம் பாலோடு இறக்குங்கள். தேங்காயெண்ணெயை விட்டுவிட்டு விலை குறைந்த பாம் எண்ணெய்க்கு மாறுவதால் பெரிய இலாபமில்லை, அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெய், சோயா, சூரியகாந்தி இவற்றில் ஒன்று, ஆளுக்கு நாளுக்கு மூன்று நான்கு தேக்கரண்டி.

சட்டித்தயிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அதைச் செய்யும் எருமைப்பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் கொழுப்பு உண்டு. மேலே படியும் ஆடையை எடுத்துவிட்டு, நாலு கரண்டியோடு நிறுத்தலாம்.

கேள்வி: இறால், நண்டு, கணவாய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். வாவிக்கரையில் இருந்துகொண்டு இறால் தின்னாமல் எப்படி?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: தின்னலாம். 100 கிராம் இறாலில் கிட்டத்தட்ட 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. பிரச்சினை அதைப் பொரிக்கும் எண்ணெயிலும் கெட்டிப்பாலிலும்தான். தலையைக் கழித்து, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். முட்டை நாளுக்கு ஒன்று, சீனி வருத்தம் இருந்தால் வாரத்துக்கு மூன்று நான்கு. கருவாட்டில் கொழுப்பைவிட உப்புத்தான் கவலை.

கேள்வி: எனக்கு 58 வயது, சிகரெட் பழக்கம் உண்டு. எல்.டி.எல். 168 என்று அட்டோர்வஸ்டாட்டின் 20 தந்தார்கள். மூன்று மாதத்தில் 94 ஆகிவிட்டது. இனி நிறுத்தலாம்தானே? தொடையும் நோகிறது. நோன்பும் வருகிறது.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: நிறுத்தினால் நாலைந்து வாரத்தில் பழைய 168இல் போய் நிற்கும். குளிசை செய்வது இவ்வளவுதான்: ஈரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரோல் உண்டாக்குவதைக் குறைக்கிறது. அதற்குத் தேவையானதை ஈரல் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள, எல்.டி.எல். இறங்குகிறது. இது பத்து நாள் குடித்து முடிக்கும் அன்டிபயோட்டிக் அல்ல. 94 என்பது நோய் மாறிய அடையாளமில்லை, குளிசை வேலை செய்யும் அடையாளம். இன்னும் இறக்க வேண்டியிருந்தால் அளவை இரட்டிப்பாக்குவதால் மேலதிகமாகக் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதனால் சில வேளை எசெட்டிமைப் என்ற வேறு வகைக் குளிசை 10 மில்லிகிராமைச் சேர்த்துத் தருவார்கள்.

தொடை நோவுக்கு வருவோம். குளிசையால் வரும் நோவு அநேகமாக இரண்டு பக்கமும், தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், குளிசை தொடங்கிய அல்லது கூட்டிய முதல் வாரங்களில் வரும். ஒரு முழங்காலில் மட்டும் நோவு, வயல் வேலை செய்த மறுநாள் நோவு என்றால் குளிசையைக் குற்றம் சொல்லாதீர்கள். மருந்தில்லாத வெறும் குளிசையைக் கொடுத்த ஆய்வுகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு பேர் தசை நோகிறது என்றிருக்கிறார்கள். ஆனாலும் சொல்லுங்கள், தசை பழுதைக் காட்டும் சி.கே. என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது எல்லையைவிடப் பத்து மடங்கு கூடினாலோ, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றபடி அளவைக் குறைக்கலாம், அதே வகையான ரொசுவஸ்டாட்டினுக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்துவதுதான் கூடாது. வேறு வருத்தத்துக்குக் கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதினால், இந்தக் குளிசை போடுவதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை பழுதாகலாம்.

நோன்பு காலத்தில் அட்டோர்வஸ்டாட்டினை நோன்பு திறந்த பிறகு எந்த நேரத்திலும் போடலாம். அதன் வேலை ஒரு நாளைத் தாண்டி நீடிக்கும். சிம்வஸ்டாட்டின் என்றால் மட்டும் இரவில் படுக்கப் போகும்போது. சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பகல் முழுக்கப் புகைக்காமல் இருக்கும் அந்த மாதத்தைவிட அதைக் கைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

கேள்வி: நெஞ்சு நோ வந்தால் அது காஸ் தொல்லையா, மாரடைப்பா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். நடு நெஞ்சில் அமுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டு, இவற்றில் ஏதாவது சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 1990இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் வயோதிபர்களுக்கும் நோவே இல்லாமல், களைப்பும் வியர்வையும் சத்தியும் மட்டும் வரலாம்.

சோடாவும் ஓமத்தண்ணியும் கொடுத்து ஒரு மணித்தியாலம் பார்ப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை. அடைத்த குழாயைத் திறக்கும் மருந்து நோத் தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் கொடுப்பது, முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுத்தால்தான் அதிக பயன். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தம் கசியும் குடற்புண்ணோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாம். நோயாளியை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்கே நேரே போங்கள், பாமசிக்கு அல்ல.

முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எழுந்து வந்துவிடக் கூடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் அது சாதாரணமாகவே இருக்கலாம். ஈசிஜியை மறுபடி எடுத்து, இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபொனின் இரத்தப் பரிசோதனையையும் சில மணித்தியாலம் கழித்து இரண்டாம் முறை செய்து பார்த்த பிறகே வீட்டுக்கு வர வேண்டும். போகும்போது குளிசை அட்டைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.