வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைக் குடும்பங்கள் சேர்ந்து வாழ முடிந்ததா? 1863 அறிவிப்போடு எல்லோருக்கும் விடுதலை கிடைத்துவிட்டதா?

பதில்: சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆனால் உரிமையாளர் விடும் வரைதான். அடிமைகளின் திருமணம் சட்டப்படி செல்லாது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டுவிட்டது. தகப்பன் சுதந்திரமானவராக இருந்தாலும் பயனில்லை. உரிமையாளர் இறந்து சொத்து பிரிந்தாலோ, கடனில் மூழ்கினாலோ குடும்பத்தினர் தனித்தனியே ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறுவார்கள். சவுக்கைவிட ஏலத்துக்கு அஞ்சியவர்கள் அதிகம் என்றே சொல்லலாம். பருத்தித் தோட்டங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வார உணவு, பொதுவாகச் சுமார் 9 லிட்டர் மக்காச்சோள மாவும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பிட்ட பன்றிக்கறியும். மிச்சத்துக்கு, அனுமதி கிடைத்த இடத்தில், குடிசையோரத் தோட்டமும் மீன்பிடிப்பும்.

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. அதிபர் லிங்கனின் அந்த அறிவிப்பு, உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டுப் பிரிந்து நின்ற தெற்கின் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே. ஒன்றியத்தோடு, அதாவது லிங்கனின் அரசோடு, நின்ற கென்டக்கி, டெலவேர் போன்ற அடிமை மாநிலங்கள் அதில் அடங்கா. கிளர்ச்சிப் பகுதியிலும் ஒன்றியப் படை வந்து சேர்ந்தால்தான் அது செல்லுபடியாகும். டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1865 ஜூன் 19-ல்தான் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது. பலர் காத்திருக்கவில்லை, 1861 மே மாதமே வர்ஜீனியாவில் ஒன்றியப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பியோடத் தொடங்கினார்கள். விடுதலை நாடு முழுவதும் சட்டமானது 1865 டிசம்பரில், அரசியல் சாசனத்தின் 13-வது திருத்தத்தால். நிலம் மட்டும் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. பழைய தோட்டங்களிலேயே விளைச்சலில் பங்கு கொடுத்து உழுது, கடனில் சிக்கினார்கள்.