கேளுங்கள், சொல்கிறோம்: இரும்புக் கீலில் திரும்பத் திரும்ப வரும் துரு

கேள்வி: எங்கள் ஃபைபர் பாய்மரப் படகின் அடியில், அது கவிழாமல் நிறுத்தும் கனமான வார்ப்பிரும்புக் கீல் உள்ளது. ஆண்டுதோறும் கரையேற்றி, ஒட்டி வளர்ந்த கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிர்களை) சுரண்டி, ரெட் ஆக்சைடும் அதன்மேல் கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபௌலிங் பெயிண்டும் அடிக்கிறோம். அடுத்த முறை பார்த்தால் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது. பாம்பன் புதிய பாலத்துக்குப் பூசிய பாலிசிலாக்சேன் பெயிண்ட்டை அடிக்கலாமா?
– வாசகர், பிரப்பன்வலசை

பதில்: வேண்டாம். 2025இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேற்பூச்சு வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்குவதற்கானது. எந்நேரமும் நீரில் மூழ்கிக் கிடக்கும் இரும்புக்கு இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எப்பாக்சியே ஏற்றது. கடைகளில் கிடைக்கும் சாதாரண ரெட் ஆக்சைடு கடல்நீருக்குள் நிலைக்காது. ஆன்டிஃபௌலிங்கில் பெரும்பாலும் செம்புச் சேர்மம் இருக்கும் என்பதால், நடுவில் தடித்த எப்பாக்சிப் படலம் இல்லாவிட்டால் அதுவும் இரும்பை அரிக்கத் துணைபோகும்.

ஆனால் உங்கள் சிக்கலுக்கு முதற்காரணம் பெயிண்ட் அன்று. துருக்குழிகளுக்குள் தங்கிய உப்பு. சுரண்டினாலும் கிரைண்டர் வைத்துத் தேய்த்தாலும் மேற்பரப்பு பளபளப்பாகுமே தவிர, குழியின் அடிவரை போகாது. ஆகவே பழைய பூச்சு முழுவதையும் காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடின் துகள்) கொண்டு பிளாஸ்டிங் செய்து, அதாவது அழுத்தக் காற்றில் துகள்களைப் பீய்ச்சியடித்து, சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை உரித்து, பிறகு அழுத்தத்துடன் நன்னீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருப்பதால், குடிநீரையே பயன்படுத்த வேண்டும். கழுவிக் காய்ந்ததும் சில குழிகள் மட்டும் விரைவில் கருத்துக் கசிந்தால், அங்கே உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். மீண்டும் கழுவி, மீண்டும் லேசாக பிளாஸ்டிங் செய்ய வேண்டியதுதான். செலவு மிச்சம் என்று கடற்கரை மணலை எடுத்து அடிப்பவர்கள் உண்டு. அது இரும்பில் உப்பைச் சேர்க்கும்; அதன் தூசியோ நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்தது நேரம். கச்சான் (தென்மேற்குக்) காற்று வலுத்துக் கடல்துளிகளை அள்ளிவரும் மாதங்களைத் தவிருங்கள். தடித்த வார்ப்பிரும்பு இரவின் குளிர்ச்சியைக் காலையிலும் விடாமல் வைத்திருக்கும். அப்போது ஈரக்காற்று பட்டால் கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் படியும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்கும்போதுதான் முதல் பூச்சை அடிக்க வேண்டும். பிளாஸ்டிங் முடிந்த சில மணி நேரத்திற்குள் அடித்துவிட வேண்டும். நம் வெயிலில் கலந்த எப்பாக்சி விரைவில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது.

விளிம்புகளில் பெயிண்ட் மெலிந்து நிற்கும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட் தனியே கொடுங்கள். குழிகளை எப்பாக்சி ஃபில்லரால் நிரப்பிய பின், உலர்ந்த கனம் 300 மைக்ரானுக்குக் குறையாதபடி பல கோட்டுகள் தேவை. கடைசி எப்பாக்சி விரல்நுனியில் லேசாக ஒட்டும் நிலையிலேயே ஆன்டிஃபௌலிங்கின் முதல் கோட்டை அடித்தால் இரண்டும் நன்றாகப் பிணையும். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியின்மேல் பெயிண்ட் படக்கூடாது.

படகைத் தாங்கும் கட்டைகள் மறைக்கும் பகுதி விடுபடாமலிருக்க, பாதி வேலையில் கட்டைகளை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கீலும் படகும் சேரும் இணைப்பில் பழுப்புநிற நீர் வழிந்தால், பெயிண்ட் வாங்குவதற்கு முன் கீல் போல்ட்டுகளைச் சோதிக்க ஆள் பாருங்கள்.