ரோபோ-சைன்ட்னா ரோபோட் போட்ட கையெழுத்தா?

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: ஃபுளோரிடாவுல தம்பி பழைய வீடு வாங்க போறாராம், லாயர் மெயில்ல அந்த வீட்டோட பத்திரம் ஒண்ணு 'ரோபோ-சைன்ட்'னு இருக்காம், மெஷின் போட்ட கையெழுத்தா, செல்லுமா?

மெஷின் இல்லக்கா, மனுஷன்தான், மெஷின் மாதிரி போட்டவன். ரோபோட்ங்கிறதே கட்டாய உழைப்புன்னு அர்த்தமுள்ள செக் வார்த்தையில இருந்து வந்தது, அதோட தலையை வெட்டி 'சைன்ட்' கூட ஒட்டிட்டாங்க, 2010ல அமெரிக்கா பூரா பரவிச்சு. ஃபுளோரிடா மாதிரி மாநிலங்கள்ல கடன் கட்டாதவன் வீட்டை பேங்க் எடுக்கணும்னா, கணக்கை நானே பாத்தேன்னு சத்தியம் பண்ணி கோர்ட்ல பேப்பர் கொடுக்கணும். ஒரு கம்பெனி ஆளு மாசம் 10,000 பேப்பர் வரைக்கும் போட்டதா அவரே வாக்குமூலம் கொடுத்தாரு, கணக்கு போட்டா ஒரு பேப்பருக்கு ஒரு நிமிஷம். இன்னொரு இடத்துல ஒரே பொம்பளை பேர்ல பல பேரு விதவிதமா கிறுக்கியிருக்காங்க. 2012ல அஞ்சு பெரிய பேங்க் 2,500 கோடி டாலருக்கு செட்டில் பண்ணிட்டு போயிட்டாங்க, வீடு போனவனுக்கு வீடு வரல.

ரப்பர் ஸ்டாம்ப்னு சொன்னா வெறும் சோம்பேறித்தனம். இதுல பாக்காததை பாத்தேன்னு சத்தியம் இருக்கு, அதான் சட்ட விரோதம்.

ஆனா போன்ல ஓடிபி போட்டு சைன் பண்றதெல்லாம் இதுல சேராது, எல்லாரும் குழப்பிக்கிறாங்க. நீங்களே படிச்சு நீங்களே அமுக்குனா அது உங்க கையெழுத்துதான், நம்ம மலேசியாவுல 2006 மின்வணிக சட்டம் அதை ஏத்துக்குது, உயில், பவர் ஆஃப் அட்டர்னி, டிரஸ்ட், காசோலை மாதிரி சிலது மட்டும் அந்த சட்டத்துக்குள்ள வராது, அதுக்கு பேனாதான். மறுபடி சொல்றேன், கம்ப்யூட்டர்ல போட்டது வேற, படிக்காம போட்டது வேற.

அமெரிக்காவை பாத்து சிரிக்காதீங்க. கேஎல்ல ஒரு சத்தியப்பிரமாண கவுண்டர்ல நானே பாத்தேன், ஒரு கையில ரொட்டி சானாய், இன்னொரு கையில சாப் (முத்திரை), சைன் போட வேண்டிய ஆளு அந்த ரூம்லயே இல்ல, ஏஜென்ட் ஒருத்தன் பத்து பேரோட ஐசி (அடையாள கார்டு) நகலோட நிக்கிறான்! "நீங்க வர வேணாம் அண்ணே, நான் சாப் வாங்கிட்டு வரேன்"னு எவனாவது சொன்னா காசு கொடுக்காதீங்க, பின்னாடி கேஸ் வந்தா அவன் போன் எடுக்க மாட்டான், மாட்டுறது நீங்கதான்.

தம்பிகிட்ட சொல்லுங்க, டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது வீட்டு உரிமையில பின்னாடி சிக்கல் வந்தா காப்பாத்துற இன்சூரன்ஸ், இல்லாம வீட்டை வாங்கி முடிக்க வேணாம், அதுக்கு முன்னாடி அந்த கம்பெனி தர்ற பேப்பர்ல எதை எதை கவர் பண்ண மாட்டோம்னு ஒரு பகுதி இருக்கும், இந்த பத்திரம் அதுல இருந்தா வேற வீடு பாக்கட்டும்.