நார்னியா ஒலிநூல்: சின்னவனுக்கு எதில் தொடங்குவது?

சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கற்பனைக் கதை வரிசையான நார்னியாவின் ஒலிநூல் பெட்டியில் 1 என்று இருந்ததைப் பிள்ளைகள் இருவருக்கும் போட்டதாகவும், சின்னவன் பாதியில் எழுந்து ஓடிவிட்டதாகவும் சொல்லி, எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 1-ஐ விடுங்கள். சிங்கம், சூனியக்காரி, அலமாரி வரும் கதையில் தொடங்குங்கள். 1950-இல் முதலில் வந்தது அதுதான். நீங்கள் போட்ட மந்திரவாதியின் மருமகன் கதை 1955-இல் வந்த முன்கதை. நார்னியாவே பழகாத 6 வயதுக்காரன் பாதியில் எழுந்து ஓடத்தான் செய்வான். பத்து வயது அக்கா தாக்குப்பிடிப்பாள்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். முழு வாசிப்பு நாலு மணி நேரத்தைத் தாண்டும்; இரண்டரை மணிக்குள் முடிந்தால் அது நாடகமோ சுருக்கமோ.

மொத்தம் 17 அத்தியாயம், நாளுக்கு ஒன்று போதும். முடிந்ததும் சின்னவனையே கதை சொல்லச் சொல்லுங்கள். திருதிருவென்று முழித்தால் வேகத்தை 0.9 ஆக்கி மறுபடி போடுங்கள். கேட்கும்போது படம் வரையட்டும், தடுக்காதீர்கள்.

14-ஆம் அத்தியாயத்தை மட்டும் படுக்கும் நேரத்தில் வேண்டாம். சிங்கம் கொல்லப்படுவது அதில்தான். பகலில், அது உயிரோடு திரும்பும் 15-ஐயும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.